ஆளுக்கு நானூறு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு நானும் என் சிநேகிதியும் கோடை விடுமுறைக்கு வேலை தேட ஆரம்பித்துவிட்டோம். எனக்கு வேண்டியது ஒரு போன். அவளுக்கு வேண்டியது கல்லூரியில் கட்ட வேண்டிய முதல் தவணைப் பணம். அவள் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் கிடக்கும். வீட்டில் வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஜூனில் பணம் கட்டாவிட்டால் கிடைத்த இடம் போய்விடும். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும் என்று நினைத்திருப்பாள், பாவம்.

கைக்கு எட்டியவை இரண்டு வேலைகள். ஒன்று, தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக் கடை. நாளுக்கு முந்நூறு ரூபாய், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. இன்னொன்று, எங்கள் தருவைகுளத்தைத் தாண்டி வேம்பார் ரோட்டில் உப்பு பாக்கெட் போடும் கொட்டகை. அங்கே நாள் சம்பளம் கிடையாது, கட்டுக் கணக்கு. ஒரு கிலோ பாக்கெட் இருபத்தைந்து சேர்ந்தால் ஒரு கட்டு. கட்டுக்கு எட்டு ரூபாய். நாலு பெண்கள் சேர்ந்தது ஒரு செட்டு. யார் எவ்வளவு செய்தாலும் வருகிற கூலியை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அவள் ஜவுளிக் கடைக்கே போகலாம் என்றாள். நான் விடவில்லை. கணக்கில் நான் புலி என்று பள்ளிக்கூடமே சொல்லும், அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ஒரு நாளில் போடும் கட்டுகள் x என்று வைத்துக்கொள். செட்டுக்கு 8x, ஆளுக்கு 2x. 2x = 300 என்றால் x = 150. நூற்றைம்பது கட்டுக்கு மேல் போட்டால் ஜவுளிக் கடையை விட உப்புதான் லாபம். ஒரு செட்டு சராசரியாக இருநூறு கட்டு போடும் என்று அங்கே இருந்த சூப்பர்வைசர் அண்ணன் சொல்லியிருந்தார். அப்படியானால் ஆளுக்கு நானூறு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் பஸ் செலவைக் கழிக்கிற வேலைகூட இல்லை.

“ஏளா, நெசமாவே நானூறு வருமா?” என்று கேட்டாள்.

“கணக்கு பொய் சொல்லுமாளா?” என்றேன்.

வந்துவிட்டாள்.

எங்கள் செட்டில் மற்ற இருவரும் எங்கள் ஊர் அக்காமார்தான். பல வருடமாக உப்பில் வேலை பார்த்தவர்கள். இரண்டு பேர் வீட்டுக்கும் எங்கள் அப்பாவின் பலசரக்குக் கடையில்தான் கடனுக்குச் சாமான் போகும். அதனால் அண்ணாச்சி மகள் வெயிலில் நிற்கக் கூடாது என்று என்னை மின்விசிறிக்குக் கீழே, தராசுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு அக்கா உப்பை அள்ளிப் பையில் போடுவாள், நான் எடை பார்த்துத் தள்ள வேண்டும், என் சிநேகிதி மெஷினில் பையின் வாயை ஒட்டுவாள், இன்னொரு அக்கா கட்டுக் கட்டுவாள்.

எடை பார்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா. தராசில் ஆயிரம் கிராம் என்று காட்டினால்தான் பை என் கையை விட்டுப் போகும். நாலு கிராம் கூடினால் ஒரு சிட்டிகை எடுப்பேன். இரண்டு கிராம் குறைந்தால் ஒரு சிட்டிகை போடுவேன்.

“கொஞ்சம் கூடுனா கூடிட்டுப் போட்டும்மா, குறையாம இருந்தாச் சரி,” என்று முதல் நாளே அள்ளிப் போடுகிற அக்கா சொன்னாள்.

“எங்க அப்பா கடையில ஒரு கிலோன்னா ஒரு கிலோதாங்க்கா,” என்றேன் பெருமையாக. அக்கா சிரித்தாள். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எங்கள் செட்டு நூற்று நாற்பது கட்டைத் தாண்டவே இல்லை. ஆளுக்கு இருநூற்றெண்பது. ஜவுளிக் கடையை விடக் குறைவு. எனக்கு எரிச்சலாக வந்தது. சமன்பாடு சரி, அப்படியென்றால் ஆட்கள்தான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்: “அந்த அக்காமாருக்கு வயசாயிட்டுளா. கை ஓட மாட்டேங்கு.” அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது அதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

ஒரு வாரம் உப்பு அரித்து என் விரல் நுனி எல்லாம் வெடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது சூப்பர்வைசர் அண்ணன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். திங்கள் நூத்தி நாப்பது. செவ்வாய் மூணு பேரு, நூத்தம்பது. புதன் நூத்தி நாப்பது.

நான் இருந்தால் நூற்று நாற்பது, இல்லாவிட்டால் நூற்றைம்பது! எட்டால் பெருக்கி மூன்றால் வகுக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆளுக்கு நானூறு. நான் வாக்குக் கொடுத்த அதே நானூறு, நான் வராத ஒரே நாளில் அவர்களுக்கு வந்திருக்கிறது. என்னால் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு நூற்றிருபது ரூபாய் நஷ்டம். மூன்று பேருக்கும் சேர்த்தால் முந்நூற்றறுபது. நான் வாங்கிய இருநூற்றெண்பதை அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் ஈடாகாது. அக்காமார் இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவளிடம் கேட்டேன். “ஒனக்கு முன்னமே தெரியுமாளா?”

“தராசு முன்னால பை குவிஞ்சு கெடக்கும். நான் கையக் கட்டிட்டு உக்காந்திருப்பேன். தெரியாமலா இருக்கும்?”

“பெறகு ஏன் சொல்லல?”

“அக்காமார் வேண்டாம்னுட்டாங்க. ஒங்க கடையில சாமான் வாங்கணும்லா.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “விடு, இன்னும் ரெண்டு வாரந்தான்,” என்றாள்.

அன்றைக்கே நான் வேலையை விட்டு நின்றிருக்கலாம். இல்லை, தராசை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு உப்பு அள்ளியிருக்கலாம். எனக்குப் போனுக்கு இன்னும் பணம் சேரவில்லை. நின்றால் அப்பா காரணம் கேட்பார். திடீரென்று கையை வேகமாக ஓட்டினாலோ, இத்தனை நாள் கூலி குறைந்தது என்னால்தான் என்பதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த இரண்டு வாரமும் அதே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, நாலு கிராம் கூடினால் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டே இருந்தேன். என் பேரில் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இந்த இரண்டு வாரத்துக்குத்தான்.

ஜூனில் அவளுக்குப் பணம் குறைந்தது. நாளுக்கு நூற்றிருபது வீதம் அவள் பங்கை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அக்காமாருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தால் வாயைத் திறந்து ஏன் என்று சொல்ல வேண்டும். மிச்சத்தில் போன் வாங்கிக்கொண்டேன், நினைத்ததைவிட மலிவான ஒன்று.

அவள் அம்மா வாசலில் இருந்தார். “ஃபீஸுக்கு அத்தை” என்று மட்டும் சொல்லி நீட்டினேன். மேற்கொண்டு சொல்ல வேண்டியதை நாலு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் சொல்லவே விடவில்லை. பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். “சேசுவே! தான் உப்புல கெடந்து சம்பாதிச்சதத் தூக்கித் தாராளே! கூடப்பொறந்தவ செய்வாளா இத?” பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுச் சொன்னார். நான் ஏறிட்டு என் சிநேகிதியைப் பார்த்தேன். இது உன் பணம்தான் என்று அவளாவது சொல்லிவிட மாட்டாளா என்று இருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா என் நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கினார். நான் அவரைவிட நல்ல உயரம்.

“தலையக் குனிளா,” என்றாள் அவள். “அம்மைக்கு எட்டல.”

குனிந்தேன்.