அம்மன் சேனலுக்கு ஒரு நம்பர்

இரண்டு அரளிப்பூ. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து அம்மன் காலடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறார் தண்டாயுதபாணி. "எரநூத்தி முப்பத்தொம்பதுல ஆரமிச்சு, கடைசியில பதினேழு. சம்மதமா தாயே?" கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற நான்தான் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பேன். வெள்ளை வந்தால் சம்மதம்.

பனமரத்துப்பட்டிப் பக்கம் கல்யாணத்துக்கும் கிணற்றுக்கும் பூக் கேட்பது உண்டு. டிவி சேனலுக்குப் பூக் கேட்பவர் இவர் ஒருவர்தான். கோயிலுக்கு எதிரே கேபிள் ஆபீஸ் வைத்திருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு, வேட்டி மடிப்பில் ஸ்குரூ டிரைவர். இடி இடித்தால் மெஷின்களுக்கும் திருநீறு பூசிவிடுவார்.

அவர் தொழிலில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு விலாச நம்பர், அதோடு ஒரு போர்ட் நம்பர். "நாம ஒருக்காத்தான் அனுப்பறமுங்கக்கா. எந்த ஊட்டுப் பொட்டி அந்த வெலாசத்தக் கேக்குதோ, அந்த லைன்ல மட்டும் எறங்கும். கேக்காத ஊட்டுக்குப் போகாது" என்பார்.

சாயங்கால விளக்குப் பூசையை நேராகக் காட்டும் சேனலை, நடமாட முடியாதவர்கள் பார்க்கட்டும் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். யாருக்காக என்று ஊருக்கே தெரியும். மகள் சௌந்தர்யா தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு ஏரிக்கரைத் தெருவில் இருக்கிறாள்; ஏரிக்கரை லைனில் இருப்பது அவள் வீடு ஒன்றுதான். "இந்த வாசப்படிய மிதிக்காத" என்று சொன்னவர் இவரேதான். சொன்ன வாயால் கூப்பிட முடியாமல் தவிக்கிறவரும் இவர்தான். விளக்குப் பூசைக்குத் தவறாமல் முன்னால் வந்து நின்ற பிள்ளை, இப்போது கோயில் தெருப் பக்கமே வருவதில்லை.

அந்தச் சேனலுக்குப் பூக் கேட்டபோது எந்த நம்பருக்கும் சிவப்பாகவே வந்தது. கடைசியில், பழைய சினிமா சேனலுக்குக் கொடுத்திருந்த விலாசத்துக்குத்தான் வெள்ளை வந்தது. அம்மன் சொல்லிவிட்டாள் என்று போர்ட்டை மட்டும் மாற்றி அதிலேயே ஏற்றிவிட்டார். "ஊடு ஒண்ணு, வாசல் ரெண்டுங்கக்கா. ஒண்ணும் ஆவாது."

அன்றைக்கே ஏரிக்கரை லைன் அந்த விலாசத்தைக் கேட்பதாக ஆபீஸ் திரையில் காட்டியது. மனுஷருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் எல்லார் வீட்டிலும் அம்மன், சினிமா இரண்டு படமும் உடைந்து உடைந்து வந்தன. டீக்கடைச் சின்னுசாமி விடுவாரா? "ஏனுங்க, அம்மன் மூஞ்சி கட்டங்கட்டமா வருது. உங்க சினிமாச் சண்டையில ஆத்தாளுக்கும் அடி பட்டுருச்சுங்களா?"

ஆபீஸில் வேலை பார்க்கும் சாரதாமணிதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "அண்ணா, லைன்ல கேக்கறது வெலாசத்தத்தானுங்க, போர்ட்ட இல்ல. வெலாசம் ஒண்ணா இருந்தா ரெண்டு படமும் சேந்து எறங்கி நெரிச்சுக்குதுங்க." கொஞ்சம் தயங்கினாள். "ஏரிக்கரையில பாக்கறது சினிமாவாக்கூட இருக்கலாமுங்கண்ணா."

அவர் மறுபடி வந்து பூக் கேட்டார். அம்மனுக்குத் தனி விலாசம் கிடைத்தது, ஊரில் படமும் தெளிந்தது. ஏரிக்கரை லைன் மட்டும் பழைய சினிமாவையே கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பூசை நேரமெல்லாம் கேமராவுக்குப் பின்னால் நின்றபடியே எதிர் ஆபீஸைப் பார்த்துத் தலையை உயர்த்துவார். சாரதாமணி ஜன்னலிலிருந்து இல்லையென்று கையை விரிப்பாள்.

"ஒரு போன் போட்டுப் பேசுங்க சாமி" என்றேன் ஒருநாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்கக்கா? அவ வரோணும்னுகூட நான் கேக்கல. அந்த லைன் ஒருக்கா அம்மனக் கேட்டாப் போதும்" என்று கேமராவின் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

போன வெள்ளிக்கிழமை. பூசாரி மணியடித்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். சாரதாமணி செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"அண்ணா! ஏரிக்கரை லைன் கேக்குதுங்க. சினிமா இல்லீங்க, அம்மன!"

தண்டாயுதபாணியிடம் பூசாரி தட்டை நீட்டினார். இரண்டு உள்ளங்கையையும் சுடரின் மேல் காட்டி எடுத்தவர், அந்தச் சூட்டைத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. திரும்பி, குவித்த கைகளைக் கேமராவுக்கு நேரே நீட்டினார்.