டஸ்டிக்கு விட்ட பால்

டக், டக், டக்கென்று லினோலியத் தரையில் நகங்கள் படுகிற சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. செவன் ஹில்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் உடுப்புத் தோய்க்கிற அறையில், மெசினைச் சுற்றி, கதவடிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி மெசினைச் சுற்றி, அந்தச் சத்தம் ஒரு நிமிடம் ஓயாது. எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. நகங்களுக்குச் சொந்தக்காரர் டஸ்டி என்ற கிழட்டு நாய். ஒரு கண்ணில் பூ விழுந்து, சிறுநீரகம் பழுதாகி, இனி மருந்தில்லை என்று மிருக வைத்தியரே கையை விரித்துவிட்ட பிராணி.

நாய் எங்களுடையதல்ல. பக்கத்து வீட்டு மார்ஜரி அன்ரி, தெருநாய்களை அடைத்து வைக்கும் இடத்துக்குப் போய், குட்டிகளைத் திரும்பியும் பார்க்காமல், ஒருவரும் கொண்டுபோகாத கிழடுகளையும் நோய் வருத்தக்காரரையுமே தேடி எடுத்து வருவார். கடைசி நாட்களிலாவது அதுகளுக்கு ஒரு படுக்கையும் ஒரு மடியும் இருக்கட்டும் என்பது அவருடைய கொள்கை. மெல்பேர்னில் அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறக்க, டஸ்டியைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று வேலிக்கு மேலால் அப்பாவைக் கேட்டார். ஊரில் ஒருவருக்கும் தலை பணியாத அப்பா, வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தயவாகக் கேட்டதும் பூம்பூம் மாடாகிவிட்டார்.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீங்கள்?" என்று அம்மா குசினிக்குள் நின்று வெடித்தார். "நாயைத் தொட்டுப்போட்டு நான் எப்பிடிச் சாமி கும்பிடுறது? உது குசினி வாசலைத் தாண்டினால் உங்களுக்கும் சோறில்லை, சொல்லிப்போட்டன்!"

மார்ஜரி அன்ரி புறப்படும்போது ஒன்றே ஒன்றைத்தான் வேண்டினார்: "இது அதிக நாள் இருக்காது. நான் வருவதற்குள் அந்த நேரம் வந்தால், தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்." அப்பா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். அம்மா ஒரு சுண்டு அரிசியை மூன்று தரம் கழுவினார்.

அம்மாவும் அந்நாட்களில் ஓரிடத்தில் இருப்பதில்லை. அதற்குச் சற்று முன்புதான், யாழ்ப்பாணத்தில் பெரிய மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், காலமாகிவிட்டார் என்று தந்தி வந்திருந்தது. அது வந்து சேர்ந்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் ஆட்களில் உயிர் பிரிகிற நேரம் உரித்துள்ளவர்கள் வாயில் பால் விடுவது வழக்கம். "என்ரை கையாலை ஒரு சொட்டுப் பால் விட எனக்குக் குடுத்து வைக்கேல்லையே" என்று சொல்லிச் சொல்லி, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போவார், யன்னலடிக்கு வருவார், திரும்பவும் அடுப்படிக்குப் போவார். அங்கே நாய் நடக்கும், இங்கே அம்மா நடப்பார், நடுவில் நான் வீட்டுக்கணக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். மூன்று பேருக்கும் இருப்புக் கொள்ளாத "அந்தரம்". அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் சரியான சொல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

"உதுக்கு என்னவோ ஆசை அடங்கேல்லை. அதுதான் சீவன் அந்தரப்படுது" என்றார் அம்மா, நாயைத் தூர நின்று பார்த்து.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது நகச் சத்தம் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். டஸ்டி சரிந்து கிடந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அப்பா வேலையில், மார்ஜரி அன்ரி மெல்பேர்னில். ஐயோ, செத்துப்போகப் போகிறதே என்று நான் கத்த, அம்மா ஓடி வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு குசினிக்குள் போய், காலையில் பால்காரன் படலையடியில் வைத்துவிட்டுப் போன போத்தலின் வெள்ளித்தாள் மூடியைக் கிழித்து, பாலை இளஞ்சூடாக்கிக் கோப்பையில் ஊற்றி, கரண்டியோடும் விபூதியோடும் வந்தார். தரையில் சப்பாணி கட்டி இருந்து, நாயின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். அதன் நெற்றியில் விபூதியைப் பூசி, "சிவ சிவா, அந்தரப்படாமல் போய்ச் சேர் ராசா" என்று ஒரு கரண்டிப் பாலை வாயில் விட்டார். அவருடைய கண்ணால் பொலுபொலுவென்று தண்ணீர் ஓடியது. அது நாய்க்கு மட்டும் விட்ட கண்ணீரல்ல என்பது பத்து வயதிலேயே எனக்கு விளங்கியது.

நாய் நாக்கை நீட்டியது. நக்கியது. கரண்டியையும் நக்கியது. அம்மா திகைத்துப்போய் இன்னொரு கரண்டி விட்டார், அதுவும் போனது. கடைசியில் கோப்பையையே துடைத்து வைத்துவிட்டு, விபூதி நெற்றியோடு எழும்பி உதறிய டஸ்டி, வழக்கம்போல் மெசினைச் சுற்றப் போகாமல், அம்மாவின் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துக் குறட்டை விட்டது.

"எளிய நாய்! பாலுக்கே இவ்வளவு நடிப்பு!" என்று அம்மா ஏசினார். ஆனால் காலை எடுக்கவில்லை. மாலையில் வந்த அப்பா, "நீ பால் விட்டால் போறவனும் திரும்பி வருவான் போல" என்று சிரித்தார்.

மார்ஜரி அன்ரி வந்து கூட்டிப்போன பிறகும், பின்னேரங்களில் வேலி இடுக்கால் நுழைந்து நகங்கள் குசினிக்கே வந்தன. எங்களுக்குச் சோறும் நிற்கவில்லை. கோடை பிறக்கும்வரை அது இருந்தது. ஒரு பின்னேரம் அது வரவில்லை. மார்ஜரி அன்ரிதான் வேலியடிக்கு வந்து கூப்பிட்டார். அம்மா பாலோடு ஓடினார். இந்த முறை பால் வாயோரத்தால் வழிந்துவிட்டது. அம்மா மட்டும் கரண்டியைப் பிடித்தபடி அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்ஜரி அன்ரி அவருடைய தோளைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

இப்போது அந்த வேலியும் இல்லை, போத்தல் பாலும் இல்லை. இரண்டு வளவையும் சேர்த்து மாடிக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். மார்ஜரி அன்ரி போய் எத்தனையோ காலம். போன குளிர்காலம் அம்மாவும் போனார். உரித்துக்காரி நான்தான் என்று உறவினர்கள் கையில் கரண்டியைத் தந்தார்கள். பாலை விட்டேன். எல்லாரும் விலகி அழத் தொடங்கிய பிறகும் நான் கரண்டியோடு குனிந்தபடியே இருந்தேன். "எழும்பு பிள்ளை, முடிஞ்சுது" என்றார்கள். முடிந்தது எனக்குத் தெரியாதா? அம்மா நாக்கை நீட்டுவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.