பொன்னம்மை அக்காவின் கையும் வெள்ளைக் கையுறையும்

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. கல்யாணமான மறுவாரமே என் பெண்டாட்டி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் போன கிறிஸ்துமஸுக்குப் பொன்னம்மை அக்காவுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், இது அடக்கிக்கொள்கிற கோபமா என்று.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். பொன்னம்மை அக்கா மீன்காரி. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். கட்டிக்கொடுத்துத் திருவனந்தபுரம் வந்தாள், புருஷன் போய்ச்சேர்ந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. விடியுமுன் விழிஞ்ஞம் துறையில் போய் நிற்பாள். வள்ளம் வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, பெரிய அலுமினியச் சருவத்தில் ஐஸோடு அடுக்கி, என் சரக்கு ஆட்டோவில் ஏற்றுவாள். கரமனையில் ரோட்டோரம் இறக்கிக் கொடுத்தால் மத்தியானம்வரை உட்கார்ந்து விற்பாள். நான் வேல்சாமி, திருநெல்வேலிப் பக்கம். எனக்குக் கும்பிடுசாமி சுடலைமாடன்தான். அக்காவின் சாமியைப் பற்றிப் பேச எனக்கு என்ன பாத்தியதை என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷமாக அவளையும் அவள் மீனையும் ஏற்றி இறக்குகிறேனே, அது போதும்.

டிசம்பர் பிறந்தால் இந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் பலர் கிறிஸ்துமஸ்வரைக்கும் மீன், இறைச்சி தொடமாட்டார்கள். இருபத்தைந்து நோன்பு என்று அதற்குப் பெயர். அக்கா பிறந்த ஊரில் அந்த வழக்கம் இல்லையாம். இங்கே வந்த பிறகு பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து நெய்மீனும் அயிலையுமாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பாள், மத்தியானம் கஞ்சிக்கு மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்வாள்.

"யக்கா, நோம்புல மீன் விக்கலாமா? சாமி கோவிக்காதா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

"விக்கியது எனக்க வயித்துக்கு. திங்காம இருக்கியது ஆண்டவருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாம வண்டிய ரோட்டப் பாத்து ஓட்டு" என்பாள்.

அதோடு முடியாது. நோன்பு நாள் முழுக்கக் காலைப் பூசையும் காண வேண்டும். துறையிலிருந்து கரமனைக்குப் போகிற வழியில்தான் அவளுடைய கோயில், இங்கத்தார் பள்ளி என்பார்கள். வாசலில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி, குழாயடியில் கைகால் கழுவி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டு வாசலோரமாகப் போய் நிற்பாள். உள்ளே பெஞ்சு காலியாக இருந்தாலும் உட்காரமாட்டாள். நான் வெளியே சருவத்துக்குக் காவல். என் டிசம்பர் முழுக்கக் காக்காய் விரட்டுவதிலேயே போய்விடும். ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு, அச்சன், அதாவது பாதிரியார், அடுத்து என்ன சொல்வார் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. நோன்பு பிடித்து நாள்தோறும் பூசைக்கு வந்தவர்களின் பெயர்களைச் சீட்டெழுதி ஒரு மண்கலயத்தில் போடுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அச்சன் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். யார் பெயர் வருகிறதோ அவர்தான் கிறிஸ்துமஸ் முந்தின நாள் சாயங்காலப் பூசையில் குழந்தை இயேசுவின் சுரூபத்தைப் பெரிய வாசலிலிருந்து ஏந்தி வரவேண்டும். முன்னால் வந்து நின்று, சனங்கள் வரிசையாக வந்து பாதத்தை முத்தி செய்து, அதாவது முத்தமிட்டு, முடிகிறவரை கையில் வைத்திருக்க வேண்டும். அப்புறம் குடிலில் கிடத்த வேண்டும்.

இதற்காக அக்கா பட்ட ஆசை கொஞ்சமில்லை. "எங்க ஊர்ல கமிட்டிக்காரன் வீட்டு ஆளுங்கதான் பிள்ளைய எடுக்கும். நாங்க தூர நின்னு பாப்போம். இங்க சீட்டுல்லா! ஆண்டவரு ஆர வேணாலும் விளிக்கலாம்" என்பாள். வருஷாவருஷம் சீட்டு எடுக்கிற அன்று முகம் தொங்கிப்போய் வெளியே வருவாள். "அடுத்த கொல்லம் பாப்போம்" என்று ஆசையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்து, சருவத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொள்வாள்.

போன டிசம்பரில் அவள் பெயர் வந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தாள். "வேலு! லேய் வேலு! எனக்க பேரு விழுந்துட்டு!" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. அன்றைக்குக் கரமனையில் மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னாள். எந்த மதம், என்ன சாதி என்று பார்க்கவில்லை, வந்தவர்கள் அத்தனை பேரிடமும் சொன்னாள். எனக்கே என் தங்கச்சிக்கு வேலை கிடைத்தமாதிரி இருந்தது.

மறுநாள் காலை பூசை முடிந்து அவள் வண்டியில் ஏறப்போகும்போது வந்தார் சுனில். பள்ளிக் கமிட்டியின் செயலாளர். இஸ்திரி போட்ட சட்டை, வெண்ணெய் மாதிரிப் பேச்சு. அந்தப் பேச்சுதான் என் எரிச்சலைக் கிளப்பியது. திட்டுகிறவனோடு சண்டை போடலாம், சிரித்துக்கொண்டே அவமானப்படுத்துகிறவனை என்ன செய்வது?

"சேச்சி, ஒரு சின்ன காரியம். தப்பா எடுக்கண்டா" என்றார். "இந்த வருஷம் பூசை லைவ் போகுது. துபாய்லே, அமெரிக்காவிலே எல்லாம் நம்ம ஆள்க்காரு பாக்கும். பின்னே, எல்லாரும் முத்தம் தர வரும்போ குனியணுமில்லே? சேச்சியோட கை..."

அதற்குமேல் சொல்லாமல் தன் கையையே பார்த்துக்கொண்டார்.

"கைக்கு என்ன?" என்றேன் நான்.

"மணம் உண்டல்லோ அண்ணா. நித்தியம் மீன் எடுக்கிற கையில்லே." ஒரு உறையிலிருந்து வெள்ளைத் துணிக் கையுறை ஒரு ஜோடியை எடுத்தார். பேண்டு வாசிக்கிறவர்கள் மாட்டுவார்களே, அது. "இது இட்டா மதி, போதும். பாக்கவும் நல்ல பங்கியா இருக்கும்."

அடப்பாவி மனுஷா என்று வந்தது எனக்கு. விட்டேனா?

"ஏம்வே, கிறிஸ்துமஸ் அன்னைக்கு உம்ம வீட்டுல மீன் பொரிக்கும்போ அது யாரு கை தொட்ட மீனு? அப்போ மணம் தெரியாதா? உங்க சாமியே மொதமொதல்ல மீன் பிடிக்கிறவங்களத்தான் கூப்பிட்டுக் கூட்டிட்டுப் போனாருன்னு அச்சன் மைக்குல சொல்லுதாரே. காக்கா விரட்டிக்கிட்டு நிக்க எனக்கே கேட்டிருக்கு, உள்ள உக்காந்திருக்க உமக்குக் கேக்கலையா?"

சுனிலுக்கு முகம் மாறவே இல்லை. "அது அக்காலம் அண்ணா" என்றார்.

அக்காலமாம்! நான் வண்டியை விட்டு இறங்கிவிட்டேன். அதற்குள் அக்கா குறுக்கே வந்து நின்றாள். "வேலு, மிண்டாம இரி. நீ தா மோனே" என்று சுனிலிடமிருந்து கையுறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வழியெல்லாம் என் கோபம் அவள்மேல் திரும்பியது. "உனக்கு ரோசமே கிடையாதாக்கா? மூஞ்சில விட்டெறிய வேண்டாமா?" என்று கத்தினேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் வழக்குக்கு நின்னா, சேச்சிக்கு இஷ்டமில்லன்னு சொல்லி வேற சீட்டு எடுப்பான். எனக்கு அதுதான் பேடி, பயம். கைய மூடணும்னா மூடுறேன். எனக்குப் பிள்ளைய எடுக்கணும் வேலு."

கரமனையில் அவளை இறக்கிவிட்டேன். மனசு கேட்காமல், அவளுக்குத் தெரியாமல் அச்சனிடமே போய்க் கேட்டேன். நல்ல மனிதர்தான். ஆனால் "கமிட்டி தீர்மானிச்சதல்லே வேல்சாமி, நல்ல உத்தேசத்தோடதான்" என்று சொல்லிவிட்டு மேசையில் இருந்த எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர்கள் இப்படித்தான் நம்மைக் கைவிடுவார்கள்.

மிச்சமிருந்த நாளெல்லாம் அக்கா கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எலுமிச்சைத் தோல், புளி, சாம்பல், சவுக்காரம், யார் எதைச் சொன்னாலும் அதை. ஐஸில் ஊறி ஏற்கெனவே வெடித்த கை. அதில் எலுமிச்சம்புளிப்பு பட்டால் எப்படி எரியும்? ஆட்டோவில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டே வருவாள். கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுனிலைத் தேடிப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருக்கும்.

கிறிஸ்துமஸ் முந்தின நாள் அக்கா துறைக்குப் போகவில்லை. சாயங்காலம் புதுப் புடவை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்து வந்தாள். வண்டியை நன்றாகக் கழுவி, துணி விரித்துக் கூட்டிப்போனேன். அன்றைக்குக் காவல் காக்கச் சருவம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குடிலுக்குப் பக்கத்தில் இருந்த வாசலில் போய் நின்றேன். பள்ளி முழுக்க நட்சத்திர விளக்கு, நிற்க இடமில்லாத கூட்டம், நடுவில் கேமரா.

பாட்டு தொடங்கியது. பெரிய வாசலில் அக்கா நின்றாள், இரண்டு கையிலும் வெள்ளைக் கையுறை. சுனில் சுரூபத்தைத் தூக்கி அவள் கையில் வைத்தார். லைவுக்காகப் புதிதாக வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பளபளக்கிற சுரூபம், வழவழக்கிற துணி. இந்தப் புத்திசாலிகளில் ஒருத்தருக்காவது அது உறைத்ததா? பாதி வழி வந்திருப்பாள், பிள்ளை அவள் கையிலிருந்து வழுக்கியது.

"என்றீசோயே!" என்று இயேசுவைக் கூப்பிட்டுப் பள்ளி முழுக்கச் சத்தம். அக்கா முழங்கையை மடக்கி வயிற்றோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. பாட்டு நின்றுபோனது. சுனில் கையை ஆட்டி நட, நட என்கிறார்.

அவள் நடக்கவில்லை. வலதுகை விரல்நுனியைப் பல்லால் கடித்துக் கையுறையை இழுத்தாள். உருவிக்கொண்டு வந்தது. அப்புறம் இடதுகை. இரண்டையும் இடுப்பில் செருகிவிட்டு, வெறுங்கையால் பிள்ளையின் தலையைத் தாங்கி, மற்ற கையை அடியில் கொடுத்து, பெற்ற பிள்ளையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்தாள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பாட்டுக்காரர்கள் விட்ட இடத்தைத் தேடிப்பிடித்துப் பாடினார்கள்.

முன்னால் வந்து திரும்பி நின்றாள். முத்தி செய்ய முதலில் கமிட்டிக்காரர்கள் வரவேண்டும், அதுவும் ஒரு வழக்கம். அதிலும் முதல் ஆள் செயலாளர். கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, சுனில் போகாமல் என்ன செய்வார்? வந்தார், குனிந்தார், அவள் கைக்கு மேலே இருந்த பாதத்தில் உதட்டை வைத்தார்.

அக்கா மெதுவாகத்தான் கேட்டாள். பக்கத்து வாசலில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாத்தம் இருக்கா மோனே?"

சுனில் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இல்ல சேச்சி."

பச்சைப் பொய். நான் வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றேன். சாமி கும்பிட அல்ல, ஆத்திரத்தில் போனேன். என் முறை வந்ததும் குனிந்து முத்தி செய்தேன். எலுமிச்சை அரித்துத் தோலுரிந்துபோன அவள் விரல்கள் என் மூக்குக்கு நேரே இருந்தன. மணம் இருந்தது. விழிஞ்ஞத்து மீன் மணம், தேய்த்த எலுமிச்சையையும் பிச்சிப்பூவையும் மீறிக்கொண்டு, நன்றாகவே இருந்தது. இருந்தால் என்ன? இருக்கட்டுமே!