பகலில் அழுத வீடு

தபீதாள் எந்த இடத்திலும் கதவோரமாகத்தான் உட்காருவாள். தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படிக்கப் போன இடத்தில்தான் எனக்கு அவளைத் தெரியும். ஃபேனுக்கு அடியில் நல்ல மெஷின் காலியாகக் கிடந்தாலும், வாசலை ஒட்டி இருந்த ஓட்டை மெஷினைத்தான் தட்டுவாள். சாரல் அடிக்கிறதே என்று யாராவது கதவைச் சாத்தினால் அவள் விரல் நின்றுவிடும். நான் வாய்த்துடுக்குக்காரி. தப்பித்து ஓடுவதற்கா இப்படி இடம் பார்த்து உட்காருகிறாய் என்று கேலி செய்தேன். ஆமாம் என்றாள். பிறகு ஒரு நாள், எலக்ட்ரிக் ரயிலுக்குக் காத்திருந்தபோது எல்லாவற்றையும் சொன்னாள்.

அவள் அப்பா எட்மண்ட் பீச் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சர்ச் கமிட்டியிலும் இருந்தார். கிழக்குத் தாம்பரத்தில் சொந்த வீடு. அறுபத்து மூன்றாம் வருஷம் அவர் மனைவி ரத்தினபாய் டைபாய்டில் இறந்துபோனாள். பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்று ரத்தினபாயின் தங்கை ஞானஜோதி கேட்டாள். கொடுக்க அவருக்கு மனமில்லை, பார்த்துக்கொள்ளவும் தெரியவில்லை. பாளையங்கோட்டை போர்டிங்கில் சேர்த்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஏழு வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். தட்டில் சோறு இருக்கும். சத்தம் போட்டது தெரிந்தால் சாயங்காலம் பிரம்படி. துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தி பேதலித்தவர் ஞாயிறுதோறும் சர்ச்சில் பிசகில்லாமல் வேதபாடம் வாசித்தாராம். எனக்கு அவர்மேல் துளி இரக்கமும் வரவில்லை.

அடிக்குப் பயந்தாலும் பிள்ளை அழாமல் இருக்குமா? பூட்டிய வீட்டிலிருந்து பட்டப்பகலில் அழுகைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. பிள்ளைதான் போர்டிங்கில் இருக்கிறதே, அப்படியானால் அழுவது யார்? செத்துப்போன ரத்தினபாய்தான் மகளைத் தேடி வந்து, மகள் குரலிலேயே அழுகிறாள் என்று தெரு முடிவு கட்டியது. எதிர்வீட்டுத் தனக்கோடி அமாவாசைக்கு அமாவாசை அந்த வீட்டு வாசல் கேட் பக்கத்தில் பூசணிக்காய் உடைத்தாள். சர்ச்சிலிருந்து நாலு பேர் வந்து, வேலிக்கு வெளியே நின்றே ஜெபம் செய்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்த தபீதாளுக்குக் காய் உடைகிற சத்தமும் கேட்டது, ஜெபமும் கேட்டது. கதவை மட்டும் ஒருவரும் தட்டவில்லை.

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒரு கோடை மத்தியானம், தெருவே தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில், ஞானஜோதி தற்செயலாக அந்தப் பக்கம் வந்தாள். அழுகை கேட்டது. அவள் அந்தத் தெருக்காரி இல்லை, அதனால் அது பேய் என்று அவளுக்குத் தெரியவில்லை. கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தாள். பின்கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் மட்டும்தான், பூட்டுகூடக் கிடையாது. அதைத் திறந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகவே குரோம்பேட்டைக்கு வந்துவிட்டாள். குடும்ப மானம் போய்விடுமே என்று இரண்டு பக்கமும் வாய் திறக்கவில்லை. அழுகை நின்றது தன் பூசணிக்காயால்தான் என்று தனக்கோடி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

எழுபத்து மூன்று கடைசியில் எட்மண்ட் இறந்தார். வீடு தபீதாளுக்கு வந்தது. ஆனால் குடிவர ஆள் இல்லை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தெருவில் யாராவது ரத்தினபாய் கதையைச் சொல்லிவிடுவார்கள். போதகரை அழைத்து ஆவியை விரட்டி, தெருவின் வாயை அடைத்துவிடலாம் என்று சித்தி ஞானஜோதி ஏற்பாடு செய்தாள். துணைக்கு வரச்சொல்லித் தபீதாள் என்னைக் கூப்பிட்டாள். கிளம்பும்போதே சித்தி அவளை எச்சரித்தாள். பழசையெல்லாம் அங்கே கிளறாதே, அப்பா பேர் கெட்டுப்போனால் நாளைக்கு உன்னை யார் கட்டிக்கொள்வார்கள் என்றாள். நல்ல நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பேர் கெடாமல் இருக்க அம்மா பேயாகவே இருக்க வேண்டும். அந்த ஆவியைத் துரத்த மகளும் கூட உட்கார்ந்து ஆமென் சொல்ல வேண்டும்.

கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தபீதாள் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். போதகர் எழுந்து நின்று, ரத்தினபாயின் பேரால் இங்கே உலவும் அசுத்த ஆவியே என்று ஆரம்பித்தார். அவள் என் கையை விட்டுவிட்டு எழுந்தாள்.

"நிறுத்துங்க ஐயா. எங்கம்மா இந்த வீட்டுக்குத் திரும்பி வரவே இல்ல. அழுதது நான். அப்பா என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவார்."

சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். போதகர் சொல்ல வந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார். வாசல்படியில் நின்றிருந்த தனக்கோடிதான் கடைசியில் பேசினாள்.

"தண்ணி குடு அக்கான்னு ஒரு கொரல் கேக்குமேம்மா. அது என்னியவா கூப்ட்ட?"

"உங்களைத்தான் அக்கா. நான் கூப்பிட்டதும் நீங்க ஜன்னலைச் சாத்தற சத்தம் கேக்கும்."

தனக்கோடி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு ஜெபம் நடக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

வீட்டை வாடகைக்கு விடப்போவதில்லை என்று தபீதாள் சொல்லிவிட்டாள். பல்லாவரத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்ததும் அந்த வீட்டிலேயே குடிபோனாள். சித்தி சண்டை போட்டுவிட்டு, பிறகு துணைக்கு அவளே வந்து சேர்ந்தாள். முதலில் தபீதாள் உள்கதவுகளையெல்லாம் ஆசாரியை வைத்துக் கழற்றினாள். முழுக்கக் குணமாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மூடிய அறையில் இன்னமும் அவளுக்கு மூச்சு முட்டுகிறது.

அந்தத் தெருவில் இப்போது எந்த வீட்டில் பிள்ளை அழுதாலும் அவள் போய்க் கதவைத் தட்டிவிடுகிறாள். பாலுக்கு அழுகிற கைக்குழந்தையானாலும் சரி, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையானாலும் சரி. இந்தப் பொண்ணோட பெரிய பேஜாரா கீது என்று தெருவே அலுத்துக்கொள்கிறது. போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக் குப்புராஜ் தன் மகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். அடி வாங்குகிற பிள்ளை அம்மா என்றுதான் கத்தும். அந்தப் பெண் தபீதாக்கா என்று கத்தினாள். நான் எழுந்திருப்பதற்குள் இவள் வாசலைத் தாண்டிவிட்டாள். எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு தனக்கோடியும் ஓடிவந்துகொண்டிருந்தாள்.