அரவைக்குப் போகாத எறும்பு

அரவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தா அக்கா தட்டை நீட்டி, "குடுடி, மதியத்துக்குள்ள மூணு சாம்பிள் அரைக்கணும்" என்றார். நான் கொடுக்கவில்லை. கையிலிருந்த லிக்னைட்டில் ஒரு பிசின் கட்டி. அதற்குள் ஓர் எறும்பு.

நெய்வேலியில், லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரியைச் சோதிக்கும் ஒரு கான்ட்ராக்ட் லேப். 2016, எனக்கு அங்கே மூன்றாம் வருடம். பூமியில் துளை போட்டு எடுக்கும் லிக்னைட் தண்டுக்கு 'கோர்' என்று பெயர். அதை நீளவாக்கில் பிளப்போம். ஒரு பாதியை அரைத்து அதில் சாம்பல், ஈரம் எவ்வளவு என்று பார்ப்போம். மறுபாதி, பின்னால் சந்தேகம் வந்தால் பார்ப்பதற்காகப் பெட்டியில் இருக்கும்.

லிக்னைட்டில் மஞ்சள் பிசின் வரும். ஆதிகால மரங்களில் வடிந்து இறுகியது, எரித்தால் மணக்கும். லிக்னைட் குவிக்கும் யார்டில் சிந்தியதைப் பொறுக்கி வெள்ளிக்கிழமை சாம்பிராணியாகப் போடுவோம். நானும் போட்டிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை. ஜியாலஜி படித்தவள் செய்யக்கூடாத தப்பு.

அன்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒடுங்கிய இடுப்பு, முழங்கைபோல் மடிந்த உணர்கொம்பு.

"இன்னாடி அதுல?"

"எறும்புக்கா. மனுசனே இல்லாத காலத்து எறும்பு."

"செத்தும் கெடாம எப்படிக் கீது பாரேன்!" அக்கா மிஷினை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும் இன்சார்ஜ் வந்துவிட்டார். காட்டினேன்.

"எறும்பு பாக்கணும்னா வீட்ல சர்க்கரை டப்பாவத் தொறம்மா. இது லேப், மியூசியம் இல்ல. அரைச்சுடு."

"கட்டிய மட்டும் எடுத்துக்கறேன் சார்."

"சாம்பிள்ல கை வெப்பியா? ரிசல்ட் மாறிடும்."

அது நியாயம்தான். "அப்ப இந்தப் பாதியப் பெட்டில வெச்சுட்டு, அந்தப் பாதிய அரைக்கிறோம்" என்றேன்.

"யாரு பர்மிஷன் குடுத்தா?"

"எந்தப் பாதிய அரைக்கணும்னு புரொசீஜர்ல இல்லீங்க சார். முழுசாப் படிச்சிருக்கேன்."

"நீ கான்ட்ராக்ட், ஞாபகம் இருக்கா? நாளைக்கே கேட்டுக்கு வெளிய நிப்ப."

"நிக்கறேன் சார். எறும்பு உள்ள இருக்கட்டும்."

என் அப்பா கைநாட்டு வைத்துக் கூலி வாங்கியவர். எங்கள் வீட்டில் அச்சடித்த தாளைப் படித்த முதல் ஆள் நான். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அக்கா மறுபாதியை மிஷினில் கொட்டினார். "வுடுங்க சார், எந்தப் பாதின்னா இன்னா, மாவு மாவுதான்."

மறுநாளும் வேலைக்குப் போனேன். கேட்டில் யாரும் தடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, கோர்களைப் பார்க்க ஒரு பேராசிரியை வந்தார். பெட்டியைத் திறந்து காட்டினேன். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இன்னைக்கு இருக்கற எறும்பு எதுலயும் இது சேரல. அழிஞ்சுபோன இனமா இருக்கலாம். ஆராய்ஞ்சுதான் சொல்ல முடியும். யார் கண்டுபிடிச்சது?"

"எங்க டீம்தாங்க மேடம்" என்றார் இன்சார்ஜ்.

"நான்தாங்க மேடம்" என்றேன். இனிஷியலோடு பெயரைச் சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.

புதிதாக லேபுக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்: புரொசீஜரைக் கடைசி வரிவரை படியுங்கள். கூடாது என்று எழுதாத இடமெல்லாம் நீங்கள் நிற்கக்கூடிய இடம். கண்டது நீங்கள் என்றால், வாயைத் திறந்து சொல்லுங்கள்.