கயிற்றின் மறுமுனை

இது நடுராத்திரியில் நடந்ததல்ல. சாயங்காலம் நாலு மணிக்கும் ஐந்தே காலுக்கும் இடையில் நடந்தது. நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சம்பந்தப்பட்ட நாலு பேரையும் தனித்தனியே பார்த்துப் பேசினேன். கொத்தனாரின் செல்போனில் அழைப்பு வந்த நேரத்தைச் சரிபார்த்தேன். அந்தக் கயிற்றைக் கையில் பிடித்தும் பார்த்தேன். விளக்கம் மட்டும் என்னிடம் இல்லை. அந்த நாலு பேரிடமும் இல்லை.

கொத்தனாருக்குப் பட்டப்பெயர் ரசமட்டம். ஒரு கல் வைத்தாலும் ரசமட்டத்தை எடுத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கல். சோறு போட்டால்கூடத் தட்டு சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பான் அண்ணன் என்று அவர் தங்கை கேலி செய்வாள். அந்தத் தங்கைக்காகத்தான் இந்த வேலையே.

தங்கை வீடும் நிலமும் ஓடைக்கு அந்தப் பக்கம். சாலை இந்தப் பக்கம். நடுவில் நாலு கல்லைப் போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். போன மழைக்காலத்தில் அவளுக்கு வலி எடுத்த அன்று ஓடை கரைபுரண்டது. வண்டி சாலைப் பக்கமே நின்றுவிட்டது. பிள்ளை தங்கவில்லை. இப்போது மறுபடியும் ஒன்பதாம் மாதம். மேற்கே தினமும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"பாலம் முந்தணும் மாப்பிள்ளை, இல்லேன்னா மழை முந்திடும்" என்று தங்கை புருஷனிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார் ரசமட்டம்.

சின்னப் பாலம்தான். மூன்றடி அகலச் சிமென்ட் குழாய்கள் மூன்றை ஒன்றோடொன்று சேர்த்து ஓடையில் படுக்கவைத்தார்கள். கரை மண் சரியாமல் இருக்க வாய்க்கு இருபுறமும் கல்லில் தடுப்புச் சுவர். சுவருக்குப் பின்னால் மண் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கியாயிற்று. மண்ணில் ஊறும் நீர் சுவரைத் தள்ளாமல் வெளியே வடிய, சுவரில் வரிசையாகப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வைத்துத் துளைகள். மேலே பாதையும் போட்டாயிற்று. மேற்புறத்தில் மணல் மூட்டை அடுக்கி ஓடையைத் தற்காலிகமாகத் திருப்பி விட்டிருந்தார்கள்.

பாக்கி ஒரே வேலை. குழாய்கள் சேரும் இரண்டு இடங்களையும் உள்ளே தவழ்ந்து போய்க் கலவையால் அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால் வெள்ளம் அந்த இடுக்கு வழியாக மண்ணைத் தின்றுவிடும். ஒரே மழையில் பாலம் உட்கார்ந்துவிடும்.

இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. உள்ளே போகிறவர் இடுப்பில் கயிறு. மறுமுனை வெளியே நிற்பவர் கையில். உள்ளே குரல் எதிரொலித்துக் குழம்பும் என்பதால் பேச்சுக் கிடையாது, தட்டுதான். ஐந்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே இருப்பவர் குழாயை இரண்டு முறை தட்டுவார். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு பதில் கொடுப்பார். பதில் வந்தால், நலமாக இருக்கிறேன், விடு என்று பொருள். வராவிட்டால் யோசிக்கக் கூடாது. இழுத்துவிட வேண்டும்.

குழாய் வாங்கிய பட்டறையின் சொந்தக்காரருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊன்றுகோலை ஊன்றி வந்து, "எந்த ஓடைக்கு?" என்று கேட்டார். சொன்னதும் ஊன்றுகோலால் ஒரு குழாயைத் தொட்டார்.

"கயிறு கட்டாம உள்ள போகாதீங்க" என்றார்.

"நாங்க என்ன நேத்துப் பிறந்தவங்களா?" என்று சிரித்தார் ரசமட்டம்.

மணி 4:05. தூரத்து மலை மேல் இடி உருண்டது. கீழ்ப்புற வாயில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார் மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, போனை நோண்டிக்கிட்டு கயித்தை விட்டுடாதீங்க. உள்ள போறது உங்க மச்சான்."

"உங்களை விட்டா உங்க தங்கச்சி என்னை விட்டுவைப்பாளா? போங்க மச்சான்."

ரசமட்டம் கலவைச் சட்டியைத் தள்ளிக்கொண்டு தவழ்ந்தார். நெற்றியில் விளக்கு. எதிரே மேற்புற வாய் ஒரு வட்டமாக வெளிச்சம் காட்டியது. அதற்கு அப்பால், கரை மேல், மண் அள்ள வந்த பொக்லைன் வண்டி டிரைவரோடு நின்றது தெரிந்தது.

4:10. டக்டக். அவசரத் தட்டு. மாப்பிள்ளைக்கு எதிலும் அவசரம்தான். கரண்டிக் காம்பால் பதில் கொடுத்தார்.

4:15. வெளியே யாரோ கத்தியது போல இருந்தது. குழாய்க்குள் அது வெறும் இரைச்சலாக வந்து அடங்கியது. டக்டக். பதில் கொடுத்தார். முதல் இணைப்பு முடிந்தது. அடுத்ததற்குச் சட்டியைத் தள்ளிக்கொண்டு தவழ்ந்ததில் 4:20க்குத் தட்டு வராததை அவர் கவனிக்கவில்லை.

4:24. தலைக்கு மேலே ஏதோ கனமாக உருண்டு போனது. இரண்டாவது இணைப்பிலிருந்து மண் பொடி முகத்தில் உதிர்ந்தது. ஏதோ வண்டி. பாதை தாங்கிவிட்டதே என்று சந்தோஷப்பட்டார்.

4:29. டக்... டக்.

மெதுவான, அளந்த தட்டு. தேர்ந்த ஆள் தட்டுவது போல. மாப்பிள்ளை தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். பதில் கொடுத்தார்.

4:34. டக்... டக்.

பதில் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உறைத்தது. சத்தம் கால்மாட்டில் இருந்த குழாய் வாயிலிருந்து வரவில்லை. வலது காதோரம் வந்தது. குழாயின் அந்தப் பக்கம் இருப்பது இடித்து இறுக்கிய மண். நாலடி கனம்.

குழாயில் சத்தம் சுற்றத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டார்.

4:39. பதில்.

4:44. பதில்.

4:49. பதில். கடிகாரம் பார்த்தார். ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை.

4:52. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மாப்பிள்ளை.

"மச்சான், அவளுக்கு வலி வந்துடுச்சு. பாலத்து மேலயே வண்டியை ஓட்டிட்டு வந்துட்டேன். இப்பதான் ஆஸ்பத்திரிக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க."

"நீங்க... எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரிலதான். நீங்க வெளிய வந்துட்டீங்கல்ல? கயித்தைக் கம்பில கட்டிட்டு, உங்களை இழுத்துடச் சொல்லி டிரைவர்கிட்டக் கத்தினேனே. அவரும் கையைத் தூக்கினாரு."

அழைப்பு அறுந்தது.

அப்படியானால் தட்டுவது டிரைவர். வேறு யார்? ரசமட்டம் தலையைத் தூக்கி எதிரே பார்த்தார்.

வெளிச்ச வட்டத்தில் பொக்லைன். அதன் கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர். காதில் பாட்டு. கால் இரண்டும் மேலே. வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

4:54.

டக்... டக்.

காதோரம்.

ரசமட்டம் கரண்டியை எடுக்கவில்லை. மூச்சும் விடவில்லை.

டக்... டக்.

கொஞ்சம் பலமாக.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு... சத்தமே இல்லை.

இடுப்பில் கயிறு மெல்ல இறுகியது.

இழுத்தது.

சட்டி கவிழ்ந்தது. விளக்கு கழன்றது. விரல்கள் சிமென்டைப் பிறாண்டின. பிடிக்க ஒன்றும் இல்லை.

ஒரே சீராக இழுத்தது. கை மாற்றிக் கை மாற்றி, ஆள் இழுப்பது போல.

வெளியே வந்து சேற்றில் விழுந்தார். இழுப்பு நிற்கவில்லை. சுவரோரமாகக் கரை மேல் ஏற்றியது.

அங்கே நின்றது.

யாரும் இல்லை.

4:57. மேற்புறத்தில் ஏதோ வெடித்தது போல ஒரு சத்தம். மணல் மூட்டைகள் போய்விட்டன. அவர் சற்றுமுன் படுத்திருந்த குழாயிலிருந்து, வாய் நிறையச் செம்மண் தண்ணீர் பாய்ந்து வந்தது.

சத்தம் கேட்டு எழுந்த டிரைவர்தான் ஓடி வந்து அவரைத் தூக்கினார். மாப்பிள்ளை போய்வருகிறேன் என்று கையாட்டுவதாக நினைத்துத் தானும் கையைத் தூக்கியதாகச் சொல்லி அழுதார். இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் போனவர் அதன் மறுமுனையைத் தேடினார். மாப்பிள்ளை கட்டிய கம்பி வெறுமையாக நின்றது. கயிறு தடுப்புச் சுவருக்குப் போய், மேல் வரிசையில் நாலாவது துளைக்குள் நுழைந்திருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை.

அன்றிரவே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். இரண்டாவது இணைப்பு முக்கால்வாசிதான் அடைத்திருந்தது. ஆனாலும் பாலம் நின்றது.

மழை விட்டபின் சுவருக்குப் பின்னால் தோண்டினார்கள். நாலடி ஆழத்தில் கயிற்றின் முனை கிடைத்தது. இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. சுற்றுக்குள்ளே மண்தான் இருந்தது. பாலத்துக்காக இடித்து இறுக்கிய அதே மண்.

அந்த முனையை அப்படியே வெட்டி எடுத்துக்கொண்டு ரசமட்டம் பட்டறைக்குப் போனார். சொந்தக்காரர் அதைத் தொடவில்லை. பார்த்தவுடனே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தோரு வருஷம் ஆச்சு. அதே இடம். நான் குழாய்க்குள்ள. என்கூட வேலை பார்த்த கொத்தனார் வெளிய, கயித்தோட. கரை சரிஞ்சு அவரை மூடிடுச்சு. எடுக்கும்போது கயிறு கையில ரெண்டு சுத்து. பிரிக்க முடியல, அறுத்துத்தான் எடுத்தாங்க."

ரசமட்டம் கயிற்றைத் தரையில் வைத்தார்.

"தட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"பதில் குடுத்தீங்களா?"

"கடைசித் தட்டுக்குக் குடுக்கல. பயம்."

பட்டறைக்காரர் இல்லாத காலைத் தடவுவது போல வேட்டியைத் தடவினார்.

"நான் எல்லாத் தட்டுக்கும் குடுத்தேன். அதான் அவர் இழுக்கல. வெள்ளம் வந்து குழாய் உடைஞ்சு கால் மேல விழுற வரைக்கும் குடுத்துக்கிட்டே இருந்தேன். அப்ப மணி மூணரை."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"கரை சரிஞ்சு அவரை மூடினது ரெண்டு மணிக்கு."