மைக் சரியில்லை

கொரோனாவில் கல்லூரி மூடியதும் தமிழ்நிலா மந்தாரக்குப்பத்து ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பினாள். அப்பா பெரியண்ணன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவருக்கு ஊரடங்கு ஏது? நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குவார். அப்போது வீட்டில் தட்டைக்கூடச் சத்தமில்லாமல்தான் கழுவுவார்கள். அவளும் ஆன்லைன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மைக் சரியில்லை என்று எழுதி அனுப்பினாள். தோழிகள் அழைத்தாலும் எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை. கதவுக்கும் சுவருக்குமாக வெறுங்காலில் நடந்துகொண்டே இருந்தாள்.

வீடு திரும்பிய ஐந்தாம் மாதம் ஒரு பகலில் கதவோரம் உட்கார்ந்து விம்மினாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லா அழு கண்ணு," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலே. "நான் எங்க தூங்கினேன்? உன் கொரலு கேக்குமான்னு தெனம் காதத் தீட்டிகினு படுத்துக் கெடக்கிறேன்."